கர்னல் கையில் டிரைவர் பட்டியல்

பாடி, கம்பெனி வேனுக்குள்ளிருந்து,
12-7-1979, வியாழன் மத்தியானம்.

மதிப்புக்குரிய மச்சான் நாகப்பன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வேம்புலியம்மாளின் புருஷன் மதுரைவீரன் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. ஆவடியில் மழை உண்டா, கர்னல் ஐயா பங்களாவில் நீங்கள் வைத்த ரோஜாப் பதியன்கள் பிடித்துக்கொண்டனவா, உங்கள் வீட்டுத் தாயம்மா அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதுவதுதான் முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இங்கே நலம் என்று எழுதப் பேனாவை ஊன்றினேன், பதற்றத்தில் ‘நிலம்’ என்று விழுந்துவிட்டது. அடித்துத் திருத்தவும் தைரியம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் உங்கள் தங்கை என்ன எழுதுகிறாய் என்று கேட்பாள், அதனால் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், சாப்பாட்டு நேரத்தில், வேன் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

நேராகவே கேட்டுவிடுகிறேன் மச்சான், கோபித்துக்கொள்ளக் கூடாது. என் இடது கண் விஷயத்தைக் கர்னல் ஐயாவிடம் சொன்னீர்களா? பங்குனியில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கிணற்றடியில் வைத்து உங்கள் காதோடு சொன்னேன். இடது கண்ணில் அடுப்புப் புகை படிந்த மாதிரி இருக்கிறது, எதிரே நிற்பது ஆளா கம்பமா என்று தெரியவில்லை என்றேன். நீங்களும் பூவரச மரத்தின் மேல் கை வைத்து யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்றீர்கள். டாக்டருக்குத் தெரியாது, உங்கள் தங்கைக்குத் தெரியாது, கம்பெனியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் நான், நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியென்றால் அது கம்ப்யூட்டருக்குப் போனது எப்படி? பன்னிரண்டு வருஷமாக நான் ஓட்டுகிற வேன் இது. இதிலிருந்து என்னை இறக்கிவிட்டால் எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது மச்சான். அந்தப் பயத்தில் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பம்பு கம்பெனியில் மூன்று மாதத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் என்று ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாலு பீரோவும் ஒரு டைப்ரைட்டரும் சேர்ந்த மாதிரி இருக்கும். மனிதர்கள் வேர்த்துக் கொட்டுகிற ஷெட்டுக்குப் பக்கத்தில் அதற்கு மட்டும் குளிர்சாதன அறை. அதைப் பார்த்துக்கொள்ள ஜானகிராமன் என்று ஒரு சார் வந்திருக்கிறார், பம்பாயில் போய்ப் படித்தவர், நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். அட்டையில் ஓட்டை போடுகிற வேலைக்குச் சாமுண்டீஸ்வரி என்கிற பெண். இவர்கள் இரண்டு பேரும் அம்பத்தூர் ஸ்டேஷனில் என் வேனில்தான் ஏறுவார்கள். திங்கட்கிழமை காலை என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சார் அந்தப் பெண்ணிடம் சொல்கிறார்: “கர்னலைத் தாண்டி யாரும் டிரைவரைத் தொட முடியாதும்மா. எந்த டிரைவர் இருக்கு, எது என்ன பண்ணுது, எது மக்கர் பண்ணுது, எல்லாம் கர்னலுக்குத்தான் தெரியும். நாம கேட்டா அது பட்டியல் போட்டுக் கொடுத்துடும்.” டிரைவர்களை ‘அது’ என்று சொல்வது ஆபீசில் புதிதில்லை, எனக்குப் பழக்கம்தான். ஆனால் பட்டாளத்துக் கர்னலையும் ‘அது’ என்றாரே, அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. ஆவடியில் கர்னல் என்றால் எனக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும், அவர் வீட்டு ரோஜாச் செடிக்கு எரு போடுகிறவர் என் சொந்த மச்சான். இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாடி கூட்டுரோட்டில் இடது பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் சைக்கிளோடு திடீரென்று முளைத்தார். இப்போதெல்லாம் இடது பக்கத்தில் எல்லாருமே முளைக்கத்தான் செய்கிறார்கள், வருவதில்லை. நான் போட்ட பிரேக்கில் பதினாலு பேரும் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார்கள். பால்காரர் என் அப்பன் துலுக்கானத்திலிருந்து ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுத்தான் போனார்.

செவ்வாய்க்கிழமை காகிதப் பெட்டிகளை இறக்கிவைக்கக் குளிர் அறைக்குள் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், கோயில் மாதிரி. சாமுண்டீஸ்வரி கையில் நீளமான ஒரு காகிதம், அதில் வரிவரியாக இங்கிலீஷ் எழுத்து. நான் எட்டாம் வகுப்பு, இங்கிலீஷில் நம்பர் பிளேட் படிக்கிற அளவுக்குத்தான் வரும். டி.எம். என்று ஒரு வரியில் இருந்தது. முதலில் ஏதோ லாரி நம்பர் என்றுதான் நினைத்தேன். “இது இன்னாம்மா?” என்று கேட்டேன். “டிரைவர் லிஸ்ட்டுண்ணே. கர்னல் குடுத்தது” என்றாள், ஏதோ மளிகைச் சாமான் பட்டியலைச் சொல்வது போல. எங்கள் கம்பெனியில் மொத்தம் மூன்றே டிரைவர்கள். லாரிக்கு லாசர் பால்ராஜ், ஜீப்புக்குச் சின்னச்சாமி மகன் ராமன், வேனுக்குத் துலுக்கானம் மகன் நான். இங்கிலீஷில் எழுதினால் எல்.பி., சி.ஆர்., டி.எம். காகிதத்தில் இருந்ததும் அதே மூன்றுதான் மச்சான், அதே மூன்று! ஒவ்வொன்றுக்கும் நேரே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பெண் விரல் வைத்துப் படித்தாள்: “எல்.பி.க்குப் பேப்பர் இல்லை. சி.ஆர்.ல கார்டு மாட்டிக்கிச்சு. டி.எம். படிக்க முடியலை, மூணு தடவை கூப்பிட்டுப் பாத்துச்சு, சரியா பதில் வரலை, அதனால லைன்லேருந்து எடுத்துடுச்சு.”

லைனிலிருந்து எடுத்துவிட்டது! நான் ஓட்டுவது அம்பத்தூர் லைன். மூன்று தடவை கூப்பிட்டார்கள் என்பதும் பொய்யில்லை. போன மாதம் மானேஜர் வரதன் ஐயா ஒரு விலாசச் சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. பிறகு நோட்டீஸ் போர்டில் புது நேரம் போட்டிருப்பதைப் பார்த்தாயா என்றார், பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் பழைய நேரத்துக்கே வண்டியை எடுத்தேன். மூன்றாவது தடவை அவர் கேட்டுக்குப் பக்கத்தில் என் இடது கைப்பக்கமாக நின்று கைகாட்டிக் கூப்பிட்டிருக்கிறார், நான் பாட்டுக்குப் போய்விட்டேன். எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அங்கிருந்து ஓட்டமாக ஓடி லாரி ஷெட்டில் பால்ராஜிடம் போய்ச் சொன்னேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “பேப்பரு இல்லன்னா போட்டுகீது? அய்யோ நைனா, வண்டிப் பேப்பரை எலி தின்னுட்ச்சு. பத்து நாளா வெறும் உறைய வச்சிகினு சுத்திகினு கீறேன். எனக்கும் எலிக்கும்தான் தெரியும். அதுக்கு எப்டித் தெரியும்?” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டெப்னி மேல் உட்கார்ந்துவிட்டான். ராமனிடம் ‘கார்டு மாட்டிக்கொண்டது’ என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். “அண்ணாத்தே, சனிக்கிழமை ஷெட்டுக்குப் பின்னால சீட்டு ஆடிகினு இருந்தோம், வாட்ச்மேன் வந்து கட்டைப் புடுங்கிகினான். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணானே பாவி! கர்னலுக்கே எழுதிப் போட்டுட்டானா?” என்று அழாத குறை. மூன்றுக்கு மூன்றும் சரியாக இருக்கிறது. இதற்குமேல் எப்படிச் சந்தேகப்படுவது? அன்று மாலையே ராமன் மிச்சமிருந்த சீட்டுக்கட்டு ஒன்றைக் கிணற்றில் போட்டுவிட்டான். பால்ராஜ் எலியைத் தேடிக்கொண்டிருக்கிறான், அகப்பட்டால் சாட்சி சொல்ல வைப்பானாம்.

புதன்கிழமை சாருக்காக வண்டியோடு காத்திருந்தபோது, நேராகக் கேட்டால் வம்பு என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். “சார், டிரைவரைப் பத்தின சமாசாரத்தை எல்லாம் கர்னல் வெளியில சொல்லலாமா சார்?” என்றேன். அந்த மனிதருக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! இந்தக் கம்பெனியில் மூன்று மாதமாக யாரும் அவரிடம் அந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை போலிருக்கிறது. வேன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “ரொம்ப நல்ல கேள்வி மதுரைவீரன். எல்லாத்தையும் சொல்லாது. டிரைவர் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுங்கறது வெளியில யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பேரு, நம்பர், இப்போதைய நிலைமை, இவ்வளவுதான் டேபிள்ல வெச்சிருக்கும். யூசர் யார் வேணா வந்து படிச்சுக்கலாம். ஆனா ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது.” யூசர் என்றால் உபயோகிக்கிறவர், அதாவது என் வேனில் ஏறுகிற பதினாலு பேர். அவர்கள் எல்லாருக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள்! ஆகவேதான் இரண்டு நாளாக அக்கவுண்ட்ஸ் பூங்காவனம் அம்மாள் வேனில் ஏறும்போது சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறுகிறார்.

“அப்போ யார் சார் மாத்துவாங்க?” என்றேன். “டிரைவரேதான். தன்னோட நிலைமையை டிரைவர்தான் கர்னலுக்குச் சொல்லணும். டிரைவர் சொல்லாததைக் கர்னல் எங்கேருந்து காட்டும்?” என்றார். “டிரைவர் பொய் சொல்லிட்டா சார்?” என்று கேட்டேன். சார் முகம் மாறிவிட்டது. “அதுதான் பயங்கரம். பழுதை மறைச்சு எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு டிரைவர் சொன்னா, அதை நம்பி எல்லாரும் ஏமாறுவாங்க. சில சமயம் கர்னலே விழுந்துடும். போன வாரம்கூட விழுந்துது, தூக்கி நிறுத்த அரைநாள் ஆச்சு.” எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது மச்சான். போன வாரம் கர்னல் ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்து அரைநாள் படுத்திருந்தார் என்று தாயம்மா அக்கா சொல்லியனுப்பினார்களே! எல்லைக்குப் போய்ச் சண்டை போட்டுத் திரும்பிய மனிதர், பாடியில் ஒரு வேன் டிரைவர் சொன்ன பொய்யால் விழுந்துவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிலிருந்து ‘பதில் இல்லை’ என்று யாரும் போட்டுவிடக் கூடாது என்பதற்காக நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தேன். யார் என் பக்கமாக நடந்து வந்தாலும் எழுந்து நின்று “கீறேன் சார்!” என்று கத்தினேன். வரதன் ஐயா இரண்டு தடவை பயந்து பின்வாங்கினார். கேண்டீனில் யாரோ யாரையோ கூப்பிட்டதற்கும் நானே பதில் சொன்னேன். கம்ப்யூட்டர் அறை ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்து நான் இருப்பதைத் தெரிவித்தேன். கடைசியில் வாட்ச்மேன் வந்து, “இன்னா அண்ணாத்தே, ஒடம்பு சரியில்லையா? ஊட்டுக்குப் போய்ப் படு” என்றான். ஊட்டில் போய்ப் படுத்தால் உங்கள் தங்கை நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், அப்போது இடது பக்கம் அவள் வருவது தெரியாமல் நான் துள்ளுவேன், அப்புறம் அதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். நாலு மாதமாக அவளிடம் காரணம் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் இன்று காலை ஒரு காரியம் செய்துவிட்டேன். டிரைவர் தன் நிலைமையைத் தானே சொல்லவேண்டும், அது டேபிளில் இருக்கவேண்டும் என்று சாரே சொன்னார் அல்லவா? டிரிப் ஷீட் ஒன்றைத் திருப்பி, “டி.எம். டிரைவர் நிலைமை: இடது கண் தெரியவில்லை. மாசி மாதத்திலிருந்து மறைத்துவிட்டேன். காக்கை மாதிரித் தலையைச் சாய்த்து ஓட்டுகிறேன். இதுவரை யார் மேலும் மோதவில்லை, பால்காரர் தப்பித்தார். மேலும், தை மாதம் வேனைக் கேட்காமல் பூந்தமல்லிக்கு ஒரு வளைகாப்புக்கு எடுத்துப் போனேன். மேலும், வேனில் இருக்கிற முருகர் படம் கம்பெனிப் பசையால் ஒட்டியது. இப்படிக்கு து. மதுரைவீரன்” என்று எழுதினேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர் அறைக்குள் போய் ஜானகிராமன் சாரின் இரும்பு டேபிளில், ஸ்டேப்ளர் அடியில் வைத்துவிட்டு வந்தேன். வைத்த கை இன்னும் ஜில்லென்றே இருக்கிறது. திரும்பி எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை வாசல்வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது, வந்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள்தான் கர்னல் ஐயாவிடம் சொன்னீர்கள் என்றால், செடிக்குத் தண்ணீர் விடும்போது வாய் தவறி வந்திருக்கும், நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் சொன்ன வாயாலேயே, மதுரைவீரன் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவன், பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று ஐயாவின் காலைப் பிடித்துக் கேளுங்கள். அடிபட்ட கால் எது என்று பார்த்து, மற்றக் காலைப் பிடிக்கவும். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் வேலைக்காக மட்டும் இல்லை. தினமும் பதினாலு பேர் என்னை நம்பி ஏறுகிறார்கள். பூங்காவனம் அம்மாள் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடித் தூங்கிவிடுகிறார். கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் கியரைக் குறைத்துவிடுகிறேன் மச்சான். இதையும் கர்னல் ஐயாவிடம் சொல்லலாம்.

தாயம்மா அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். வேம்புலியம்மன் புண்ணியத்தில் உங்கள் ரோஜாக்களும் கர்னல் ஐயாவின் காலும் நல்லபடி ஆகவேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
(இதுவரை) வேன் டிரைவர்
து. மதுரைவீரன்

பின்குறிப்பு, 14-7-1979, சனி: இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டி வரைக்கும் இரண்டு நாளும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியது ஒன்றையும் கர்னல் ஐயாவிடம் சொல்லவேண்டாம். நேற்றுக் காலை வரதன் ஐயா அறைக்குக் கூப்பிட்டார்கள், ஜானகிராமன் சாரும் இருந்தார். என் காகிதம் மேஜை மேல் இருந்தது. இங்கிலீஷில் கர்னல் என்று இன்னொரு வார்த்தை இருக்கிறதாம், கொட்டைக்குள் இருக்கிற பருப்பாம் மச்சான், கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கிற பருப்பைத்தான் அப்படிச் சொல்வார்களாம். டிரைவர் என்பதும் ஆள் இல்லை, ஒவ்வொரு மெஷினையும் ஓட்டுவதற்கு எழுதி வைத்திருக்கிற கணக்காம். எல்.பி. என்றால் அச்சடிக்கிற மெஷின், அதில் காகிதம் தீர்ந்துவிட்டதாம். சி.ஆர். என்பது அட்டை படிக்கிற மெஷின், அட்டை சிக்கிக்கொண்டதாம். டி.எம். என்பது டேப் மெஷின், டேப்பில் அழுக்காம். உங்கள் கர்னல் ஐயா விழுந்தது ஈரத் தரையால்தான். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு என்னைச் செருப்பால் அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என் கண்ணைப் பற்றி இந்த உலகத்தில் எந்த மெஷினுக்கும் எந்தப் பட்டாளத்துக்கும் தெரியாது. சொன்னது நான் ஒருவன்தான், அதுவும் கையெழுத்துப் போட்டு.

சார் பாதி படிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தாராம், கண் என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாராம். வரதன் ஐயா என் வலது கண்ணைத் தன் கையால் பொத்தி, சுவரில் இருக்கிற காலண்டரில் என்ன தேதி என்றார். எந்தச் சுவரில் என்று கேட்டேன். சாவியை வாங்கி ராமனிடம் கொடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை மச்சான், கேட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டுக் கண்புரை என்றார், அறுத்து எடுத்தால் பார்வை திரும்ப வரும், பிறகு வேனும் திரும்ப வரும் என்றார். வருகிற புதன்கிழமை எழும்பூர் ஆஸ்பத்திரியில் அறுக்கிறார்கள். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று டாக்டர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கினேனே, அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கிளம்பி வந்து, உங்கள் தங்கையிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும் மச்சான். நான் வாசலில் நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுபடியும், வீட்டுத் திண்ணையிலிருந்து: இந்தக் கடிதம் தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்று இப்போதுதான் ஞாபகம் வந்தது. அதனால் உங்கள் தங்கை கையிலேயே கொடுத்து ஆவடிக்கு அனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுப்பதாக இருந்தேன். ஆனால் இதை எழுதி முடிப்பதற்குள் அவள் என் இடது பக்கம் வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.